கணினிப் படைப்பும் வரிச் சலுகையும்



எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களை அறிந்தோர்க்கு ஒரு கணக்கு நன்கு விளங்கும். றப்பர்க் கன்று நட்டு 6 அல்லது 7 ஆண்டுகளில் மரமாகிப் பால் தருகிறது. அதன்பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பயன் அளிக்கிறது. பால்வெட்டுகிறவருக்கு அன்றைய வேலைக்குரிய கூலி கிடைக்கிறது. மரத்தின் நெடுநாள் ஆதாயமோ அதன் உடைமையாளரைச் சேருகிறது.

இத்தோட்டங்களிலிருந்து கணினி கற்கச் செல்லும் இளைஞருக்கும் இதே கணக்கு உண்டு. பிறருக்காக மென்பொருள் எழுதிக் கூலி பெறுவது ஒரு வகை வருமானம். தாமே ஒரு மென்பொருளையோ கணினி விளையாட்டையோ ஆக்கி, அதைப் பயன்படுத்துவோரிடமிருந்து ஆண்டுதோறும் உரிமைப்பணம் பெறுவது மற்றொரு வகை. இவ்விரண்டாவதையே புலமைச் சொத்து வருமானம் என்கிறோம்.

சில நாடுகள் இவ்வருமானத்துக்குத் தனியாகக் குறைந்த வரி விதிக்கின்றன. அயர்லாந்து 2016இல் 6.25 சதவீத வரியுடன் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது; 2019இல் போலந்து 5 சதவீதம் என வகுத்தது. இரண்டிலும் கணினி மென்பொருளின் பதிப்புரிமைக்கு இடமுண்டு. இந்தியா 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 10 சதவீத வரியை ஏற்படுத்தியது. எனினும் அது காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகளுக்கு மட்டுமே உரியது. மென்பொருள் எழுதுவோரில் பெரும்பாலோர் அதனாற் பயன்பெறுவதில்லை.

உரிமையை வரி குறைந்த நாட்டுக்குப் பெயரளவில் மாற்றி வரியைத் தவிர்க்கும் வழக்கமும் பெருநிறுவனங்களிடையே தோன்றியது. ஆகவே, ஆக்கப்பணி எந்த அளவுக்கு உண்மையாக நடைபெற்றதோ அந்த அளவுக்கே சலுகை என்னும் விதி 2015இல் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டது.

இலங்கையின் வழி வேறு. வெளிநாட்டாருக்குச் சேவை செய்து, அந்நியச் செலாவணியாக வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு முன்னர் வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு உச்ச அளவாக 15 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஏனைய தனியாள் வருமானத்தின் உச்ச வரியோ 36 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையிலான வருமானத்துக்கு வரியில்லை என்பதும் அந்நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சலுகை பணம் வந்த வழியைக் கவனிக்கிறதேயன்றிப் படைப்பு யாருக்குரியது என வினவுவதில்லை. ஆதலால் கூலிக்கு எழுதுபவரும் இதனாற் பயனடையலாம்.

ஆயினும், உரிமை பற்றிய கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்குப் பதிப்புரிமை வழங்குகிறது. பதிவு செய்யாமலே பிறக்கும் அவ்வுரிமை, ஆக்கியோன் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஆனால், தொழிலின்போது ஊழியர் ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, தொழில்தருநருக்கே உரியது.

ஆகவே இரத்தினபுரியிலோ கேகாலையிலோ இருந்து எழுதும் இளைஞர், கையொப்பமிடுமுன் உரிமை யாரைச் சேரும் என்ற வாசகத்தைப் படித்தறிய வேண்டும். பணத்தை வங்கி வழியே பெற்று, பற்றுச்சீட்டுகளைப் பேணி, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் பெற வேண்டும். வரிச் சலுகை அரசின் முடிவுக்கேற்ப வரும், போகும். எழுதிக் கொடுத்துவிட்ட உரிமையைத் திரும்பப் பெறுவதோ அரிது. பாட்டனும் பாட்டியும் பிறருடைய மரத்திற் பால்வெட்டினார்கள். பேரப்பிள்ளைகள் தமக்கென ஒரு மரமாவது வைத்துக்கொள்ளட்டும்.