குடத்தில் தொடங்குங்கள், ஏரிக்குப் பிறகு போகலாம்!

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் படம் எழுதும் ஆசை உள்ளவர்கள் பலர். சம்பளம் வந்ததும் வர்ணப் பெட்டி வாங்குவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரே அல்சூர் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது வாரம் பெட்டி பரணுக்குப் போய்விடும்! "நமக்குக் கை வராது" என்று தாங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்வார்கள். குற்றம் கையில் இல்லை. தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் இடம் மாறிவிடுகின்றன. புதிதாகப் பழகுகிறவர் அதைத் துரத்திப் பிடிக்க முடியுமா? வீட்டில் இருக்கும் குடம் அப்படி ஓடாது. ஒற்றை அறையில் ஒரே ஜன்னல்தானே என்று வருந்தவும் வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழுவதே இதற்கு வேண்டியது. பல்பை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குடத்துக்கு இரண்டு நிழல் விழும்.

குடத்தின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். வாய் கண் மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும். கீழே இறங்க இறங்க அகலும். ஆகவே தரையில் இருக்கும் குடத்தின் அடிப்பாகம் வாயைவிட அதிகமாக வளைந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் அடியை நேர்கோடாகப் போட்டுவிடுகிறார்கள். குடம் காகிதத்தில் உட்காராமல் மிதக்கிறது. குடம் தரையைத் தொடும் இடத்தில்தான் நிழல் மிக அடர்த்தி என்பதையும் கவனிக்க வேண்டும்.

முதல் மாதம் ஒரே வர்ணம் போதும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். அந்த இரண்டையும் எழுதப் பழகியவருக்கு மற்றதெல்லாம் சுலபம். மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போனவர்கள், விளக்கைக் கையால் மறைத்து நிற்கும் பெண்ணின் படத்தைப் பார்த்திருப்பார்கள். ரவிவர்மா எழுதியது என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது எஸ்.எல்.ஹல்தங்கர் எழுதியது, அதுவும் நீர்வர்ணத்தில்! அந்தச் சுடர் அப்படி ஒளிர்வதற்குக் காரணம் சுற்றியுள்ள இருட்டு. நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதமே. வெளிர் நிறத்தில் தொடங்கிப் படிப்படியாக அடர்த்திக்குப் போக வேண்டும். உலர்ந்தால் வர்ணம் சற்று வெளிறும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஏரிக்குப் போகலாம். பழைய போஸ்ட் கார்டின் நடுவே சதுரமாக ஓட்டை வெட்டி, அதன் வழியே பார்த்தால் எதை எழுதுவது, எதை விடுவது என்பது விளங்கும். தண்ணீரும் கரையும் சேரும் கோடு காகிதத்தின் நட்டநடுவில் வராதிருப்பது நல்லது. உட்கார்ந்ததும் முதல் வேலை நிழல்களைக் குறித்துவிடுவது. அதன்பின் வெயில் எங்கே போனால் என்ன? மரத்தை இலை இலையாக எண்ணக் கூடாது. ஒரே திரளாகப் பார்த்து, இடையிடையே வானம் தெரியும் துளைகளை விட்டால் போதும். பெட்டியில் உள்ள பச்சை கண்ணை உறுத்தும். துளி சிவப்பு கலந்தால் அடங்கும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறம் கிடைக்கும்.

தொலைவில் இருப்பவை வெளிறி, நீலம் பாய்ந்து தெரியும். பெங்களூரில் வாழ்ந்த கே.வெங்கடப்பா (1886–1965) ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வர்ணத்தில் எழுதியவர். மலையும் மூட்டமும் ஒன்றில் ஒன்று கரைவதை அவர் படங்களில் பார்த்துப் படிக்கலாம்.

படம் உலர்ந்த பிறகு, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாய்ந்த மரமும் கோணிய கரையும் உடனே அகப்பட்டுவிடும்.