யார் வீட்டுப் பிள்ளை?

2004 டிசம்பர் 26 காலை கடல் பொங்கியபோது, பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கருங்கல் கரை புதுச்சேரி நகரைப் பெரும்பாலும் காத்தது. மீனவக் குப்பங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. அதை ஒட்டிய நாகப்பட்டினத்தில் பலி 6,000ஐத் தாண்டியது.

அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் நாகையின் அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்தார்கள். சுனாமிக்குப் பின் ஆட்சியராக வந்த ஜே. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவி கிருத்திகாவும் அங்கே போய்வருவார்கள். அதிகாரி வருவதும், பொம்மை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதும் நாம் பார்க்காததா? இவர்கள் மாற்றலாகிப் போன பிறகும் வந்தார்கள். விவரம் தெரியாத வயதில் அந்த இல்லத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு 2022 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தபோது, பெண் வீட்டார் இவர்கள்தான்.

இப்படி ஒருவர் கூடவே இருப்பது என்ன செய்யும் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் சூழ்ந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கறை காட்ட ஒரு பெரியவராவது இருந்தார். அவர் பெற்றவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டு அக்காவோ போதும்.

புதுச்சேரியில் எல்லாத் துயரமும் கடலிலிருந்து வருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், இங்கே லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள், நாட்டின் சராசரி 12.4. பிராந்திக் கடைகளுக்குப் பேர்போன ஊர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அப்பா குடித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் விடியவிடியத் தூங்காத ஒன்பதாம் வகுப்புப் பையனை எடுத்துக்கொள்வோம். பக்கத்து பெஞ்சுக்காரன் பேனாவைத் தொட்டாலே கை ஓங்குகிறான். "இன்னாடா ரவுடித்தனம்?" என்று வெளியே நிறுத்தினால் கதை அதோடு முடிந்தது. "ராத்திரி தூங்குனியாடா?" என்று கேட்டால், ஒரு வாரம் கழித்தாவது வாயைத் திறப்பான். "கோவம் இல்ல டீச்சர், பயமா இருக்கு" என்று பிரித்துச் சொல்ல அவனுக்கு வருகிறதே, அதைத்தான் உணர்ச்சித் திறன் என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களில் இதுவும் உண்டு. பத்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் வந்துவிடாது. நம்பி அழ முதலில் ஓர் ஆள் வேண்டும்.

'கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உருப்படும்' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி பற்றி 1990களில் எழுதிய ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் இருவரும் அப்படிச் சொல்லவில்லை. அடி யாரையும் வளர்ப்பதில்லை, அதோடு மல்லுக்கட்டும்போதுதான் சிலர் வளர்கிறார்கள், வளர்ந்த பிறகும் வலி கூடவே இருக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு 18 வயது ஆனதும் வெளியேறும் நாள் வருகிறது. அதன் பிறகு நிதி உதவி தர 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் உண்டு. காசு சரி, தீபாவளிக்கு அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகும்? இல்லங்களைச் சோதிக்க வரும் அதிகாரிகள் கட்டிலையும் கழிப்பறையையும் எண்ணும்போது, இதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.