டி.என்.எஃப். புரதம்: மூட்டுவலி மருந்துக்கு முன் காசநோய்ப் பரிசோதனை ஏன்?

முடக்குவாதம், கிரோன் நோய், சொரியாசிஸ் போன்றவற்றுக்காக உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசிமருந்து பரிந்துரைக்கப்பட்டிருக்கலாம். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்கப்படுவதன் காரணத்தை இப்பகுதி விளக்குகிறது.

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் தமக்குள் செய்தி பரிமாற வெளியிடும் சிறு புரதங்கள் சைட்டோகைன்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று டி.என்.எஃப். 1975ஆம் ஆண்டு, எலிகளின் கட்டிகளை அழிக்கும் பொருளாக விவரிக்கப்பட்டதால் ‘கட்டி அழிப்புக் காரணி’ எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. மருந்துச் சீட்டில் இப்பெயரைக் கண்டு புற்றுநோய் என அஞ்ச வேண்டியதில்லை.

உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணைந்த பின்னரே இப்புரதத்தின் செய்தி உள்ளே செல்லும். ஏற்பிகள் இரு வகை. முதல் வகை உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் உண்டு. அதன் உட்புறத்தில் எந்தப் புரதங்கள் ஒன்றுகூடுகின்றன என்பதைப் பொறுத்து, உயிரணு அழற்சியைத் தூண்டலாம். தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் செய்யலாம். இரண்டாம் வகை, முக்கியமாக நோயெதிர்ப்பு உயிரணுக்களிலும் இரத்தநாளங்களின் உட்சுவரிலும் காணப்படுகிறது. அது பெரும்பாலும் உயிரணு பிழைத்திருக்கத் துணைபுரிகிறது. எனவே ஒரே புரதம், சேருமிடத்திற்கேற்ப வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது.

மூட்டின் உட்சவ்வில் டி.என்.எஃப். மிகுந்தால் வீக்கமும் எலும்பு அரிப்பும் ஏற்படும். நுரையீரலிலோ அதே புரதம், உறங்குநிலையிலுள்ள காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உயிரணுக்கள் அமைத்த அரணைக் கட்டிக்காக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவை டி.என்.எஃப். ஏற்பியைச் சென்றடையுமுன் அதைப் பற்றிக்கொள்ளும். எட்டனர்செப்ட், இரண்டாம் ஏற்பியின் வெளிப்பகுதியைக் கொண்டே உருவாக்கப்பட்ட மருந்து. மூட்டு எது, நுரையீரல் எது என்று இம்மருந்துகள் பிரித்தறிவதில்லை. அரண் தளர்ந்தால் கிருமி விழித்தெழக்கூடும்.

ஆகவே தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் தேவை. உங்களுக்கு முன்னர் காசநோய் இருந்திருந்தாலோ, வீட்டில் எவருக்கேனும் இருந்திருந்தாலோ மறைக்காமல் கூறுங்கள். ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்குக் கிருமி இருந்தும் பரிசோதனை ‘இல்லை’ எனக் காட்டக்கூடும். இவ்விவரம் அப்போது மிகவும் உதவும். உறங்குநிலைக் கிருமி கண்டறியப்பட்டால் முதலில் தடுப்புச் சிகிச்சை தொடங்கப்படும். ஊசிமருந்து பெரும்பாலும் தள்ளிப்போகுமே தவிர, மறுக்கப்படுவதில்லை.

சிகிச்சைக் காலத்தில் நீடிக்கும் காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். இம்மருந்து பெறுவோரிடம் காசநோய் நுரையீரலுக்கு வெளியிலும் அடிக்கடி தோன்றுவதால், இருமல் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.