விரலுக்குத் தகுந்த வீக்கம்

விஞ்ஞான யுகமல்லவா இது! மடிக்கணினியின் சிறு துளையில் யு.எஸ்.பி.-சி வடத்தைச் செருகுகிறோம்; வகுப்பறைத் திரையில் பாடப் படம் தோன்றுகிறது. சில வேளைகளில் படம் விட்டு விட்டு மறைகிறது. உடனே வடத்தைப் பழிக்கிறோம். குறை கருவியின் உள்ளேயும் இருக்கலாம்.

நமது ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு வளைவில் நின்று கூவினால் தொலைவில் உள்ளவருக்கு ஓசை கேட்கும், சொல் விளங்காது. கூர்மையான ஒலிகளே முதலில் தேய்கின்றன. செப்புப் பாதையில் ஓடும் மின் சைகையும் இப்படித்தான். வேகமான துடிப்புகளே மிகுதியாகத் தேய்கின்றன. தேய்ந்ததை இடையில் தூக்கிவிடும் சில்லுக்கு 'ரீடிரைவர்' என்று பெயர். 'ரீடைமர்' என்பது செய்தியைப் புரிந்துகொண்டு புதிதாகவே சொல்லி அனுப்பும். ஆனால் விலையும் மின்செலவும் அதிகம்.

ரீடிரைவரைச் சிக்கனமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி? மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது, அது தேவைதானா? சைகை கடக்கும் பாதை குறுகியதாயின் சில்லே வேண்டாம்.

இரண்டாவது, எவ்வளவு வேகம் வேண்டும்? 1985-ல் பெங்களூரில் ஆய்வுக்கூடம் தொடங்கிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.யு.எஸ்.பி. 546, டி.யு.எஸ்.பி. 1046 என்னும் சில்லுகளைத் தயாரிக்கிறது. இரண்டுமே ஒவ்வொரு பாதையிலும் நொடிக்கு 810 கோடி பிட் வரை படத்தைக் கடத்தும். தகவல் பரிமாற்றத்திலோ முன்னது 500 கோடி, பின்னது 1000 கோடி. படம் காட்டுவதே நோக்கமாயின் முன்னதே போதும்.

மூன்றாவது, அது யு.எஸ்.பி.-சிக்கென்றே செய்யப்பட்டதா? இவ்வடத்தை எப்பக்கம் திருப்பியும் செருகலாம். அதற்கேற்பப் பாதையை மாற்றும் வசதி சில்லில் இல்லையெனில் வேறொரு சில்லும் வாங்க நேரிடும். மலிவு அங்கே செலவாகிவிடும்!

இன்னொன்றையும் மறக்கலாகாது. ரீடிரைவர் சைகையோடு இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ?

ஆயிரக்கணக்கில் கருவிகள் செய்யும் ஆலையில், ஒரு சில்லில் மிச்சமாகும் சில ரூபாய், பெற்றோர் கொடுக்கும் விலையிலும் எதிரொலிக்கும். தவறாகத் தேர்ந்தால் இருளும் திரையும் அவர்களுக்கே. நாளை பொறியியல் பயிலவிருக்கும் தோழியரே, விலைச்சீட்டைப் பார்க்குமுன் தேவையை அளந்து பாருங்கள். சிக்கனத்தின் முதற் பாடம் அதுவே.