மேடை தந்த குரல், திரை தந்த முகம்

சினிமா பேரும் பணமும் தரும். வயதை மட்டும் மன்னிக்காது. நாடகம் வயதைப் பார்க்காது; ஆனால் சோறு போடாது. பெங்களூர் நடிகைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஸ்ரீதர் படங்களும் எம்.ஜி.ஆர். படங்களும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு பஸ் பயணத்தையே கதையாக்கிச் சிரிக்கவைத்த படம் ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ (1966). அதில் ரவிச்சந்திரனுக்கு ஜோடியாக வந்த கல்பனாவைத் தமிழ் ரசிகர்கள் அநேகமாக மறந்துவிட்டார்கள். கன்னட ரசிகர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு அவர் ‘மினுகு தாரெ’, அதாவது மின்னும் நட்சத்திரம். புட்டண்ண கணகாலின் ‘கெஜ்ஜெ பூஜெ’ (1969), ‘சரபஞ்சர’ (1971) இரண்டும் அவரைக் கன்னட சினிமாவின் உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்தன. சில ஆண்டுகளிலேயே வாய்ப்புகள் குறைந்தன. வட கர்நாடகத்தில் ஊர் ஊராக முகாம் போடும் தொழில்முறை நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். 1979 மே மாதம், பெல்காம் மாவட்டத்தில் சங்கேஸ்வர் அருகே ஒரு பயணியர் மாளிகையில் இறந்துபோனார். வயது நாற்பதைத் தொடவில்லை.

திரையிலிருந்து மேடைக்குப் போவது வீழ்ச்சி என்ற எண்ணத்தைக் கல்பனாவின் கதை பலர் மனதில் ஆழமாகப் பதித்துவிட்டது. ஆனால் பெங்களூர் நடிகைகளின் வரலாற்றைப் புரட்டினால் கிடைக்கும் சித்திரம் வேறு. பலருக்குத் திரை வருமானம், மேடைதான் மூச்சு.

ஆரம்பம் என்னவோ மேடையிலும் அவமானம்தான். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலம் அது. தமிழ்நாட்டில் கும்பகோணம் பாலாமணி முழுக்கப் பெண்களையே கொண்ட கம்பெனி நடத்தியதைப் போன்ற விதிவிலக்குகள் அபூர்வம். கர்நாடகத்தில் 1884-ல் தொடங்கிய குப்பி கம்பெனியைப் பெரும் நிறுவனமாக வளர்த்த குப்பி வீரண்ணா, நடிகைகளை மேடையேற்றினார். அவர்களில் புகழ்பெற்றவர் பி. ஜெயம்மா. பின்னர் அவர் வீரண்ணாவையே மணந்துகொண்டார். பேசும் படம் வந்தபோது கன்னட சினிமாவுக்கு நடிகைகளைக் கொடுத்ததும் மேடைதான். முதல் கன்னடப் பேசும் படமான ‘சதி சுலோச்சனா’ (1934) பெங்களூரில் திரைக்கு வந்தது. சுலோச்சனாவாக நடித்தவர் திரிபுராம்பா.

சினிமா அள்ளிக்கொடுத்தது. கூடவே ஒரு கடிகாரத்தையும் கையில் கட்டிவிட்டது. அதன் வேகத்துக்கு நல்ல உதாரணம் பண்டரிபாய். ஹரிகதை மரபிலிருந்து வந்தவர். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜி கணேசன் அறிமுகமானபோது அவருக்கு ஜோடி இவர்தான். 1954-ல் ராஜ்குமாரைக் கதாநாயகனாக்கிய ‘பேடர கண்ணப்பா’விலும் இவரே கதாநாயகி. இரு மொழிகளின் இரு மாபெரும் நடிகர்களும் இவரோடுதான் கணக்கைத் தொடங்கினார்கள். 1968-ல் வந்த ‘குடியிருந்த கோயில்’ படத்தில் பண்டரிபாய் எம்.ஜி.ஆருக்கு அம்மா. நிஜ வாழ்க்கையில் ‘மகன்’ அம்மாவைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவர்! 1992-ல் ‘மன்னன்’ வந்தபோது ரஜினிகாந்துக்கும் அம்மாவாகியிருந்தார். நாயகர்கள் நாயகர்களாகவே இருக்க, நாயகி மட்டும் தலைமுறை தாண்டிக்கொண்டிருந்தார்.

லீலாவதிக்கும் இதே பாதைதான். நாடக மேடையில் தொடங்கி, ராஜ்குமாருக்கு ஜோடியாகப் பல படங்களில் வந்தவர். பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) படத்தில் ரஜினியின் அம்மா. மகன் கொடுமைப்படுத்திய மருமகளுக்கு ஆதரவாக நிற்கும் அந்த மாமியாரை மறக்க முடியாது. பிற்காலத்தில் நெலமங்கலா பக்கம் சோலதேவனஹள்ளியில் குடியேறி, அங்கே கிராமத்து ஜனங்களுக்காக ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தார். 2023 டிசம்பரில் காலமானார்.

இந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் பிடிகொடுக்காதவர் பெங்களூரிலேயே பிறந்த பி. சரோஜாதேவி. மேடைப் பின்னணி எதுவும் இல்லாமல் ‘மகாகவி காளிதாச’வில் (1955) அறிமுகமானவர். ‘நாடோடி மன்னன்’ (1958), ‘கல்யாண பரிசு’ (1959) படங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கே செல்லப்பிள்ளையானார். 1967-ல் திருமணம் ஆன பின்பும் நடித்தார். ‘ஆதவன்’ (2009) வரை தமிழ்த் திரையில் முகம் காட்டினார். 2025 ஜூலை 14-ம் தேதி மல்லேஸ்வரம் வீட்டில் அவர் மறைந்தபோது இரண்டு மாநிலங்கள் துக்கம் கொண்டாடின. ஆனால் ஒரு சரோஜாதேவிக்குப் பின்னால், கடிகாரம் நின்றதும் காணாமல் போன எத்தனையோ பேர் உண்டு.

மேடையில் கதை வேறு. சினிமா சரோஜாதேவியைக் கொண்டாடத் தொடங்கிய அதே 1958-ல், ஆர். நாகரத்னம்மா பெங்களூரில் ‘ஸ்திரீ நாடக மண்டலி’யைத் தொடங்கினார். குப்பி கம்பெனி உள்படப் பல கம்பெனிகளில் நடித்துத் தேறியவர். இவருடைய குழுவில் எல்லா வேடங்களுக்கும் பெண்கள்தான். நாகரத்னம்மாவே கம்சனாகவும் ராவணனாகவும் துரியோதனனாகவும் கர்ஜித்தார். ஆண்கள் சேலை கட்டி நடித்த மரபுக்கு, பெண்கள் மீசை வைத்துச் சொன்ன பதில் அது. 2012-ல் பத்மஸ்ரீ வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். அங்கீகாரத்துக்கும் மரணத்துக்கும் இடைவெளி சில மாதங்களே.

குப்பி வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீ, தாத்தா வீட்டு மேடையிலேயே வளர்ந்தவர். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் அல்காஜியிடம் பயின்று 1973-ல் வெளியே வந்தார். 1976-ல் ‘ஸ்பந்தனா’ குழுவைத் தொடங்கி, நாட்டார் பாட்டும் கூத்தும் கலந்த நாடகங்களை இயக்கினார். நாடகம் நடத்தினால் கைக்காசு கரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஜெயஸ்ரீயின் கனத்த, இழைவான குரலுக்கு சினிமாவில் வேறு வேலை இருந்தது. வெளி மாநிலங்களிலிருந்து வந்து கன்னடப் படங்களில் நடித்த மாதவி, அம்பிகா போன்றவர்களுக்கு டப்பிங் பேசினார். திரையில் பிரகாசித்தது அவர்கள் முகம். அழுததும் சிரித்ததும் மேடையில் பழகிய இந்தக் குரல். அந்தக் குரலே 2010-ல் நியமன உறுப்பினராக ராஜ்யசபாவுக்கும் போனது.

மாதச் சம்பளத்தை நம்பி மேடையைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பார்கவி நாராயண் பகலில் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் அதிகாரி, மாலையில் நடிகை. மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனு பல்லவி’யிலும் (1983) நடித்திருக்கிறார். 2022 பிப்ரவரியில் இறக்கும்வரை அவர் மேடையை விட்டு மனதளவில் இறங்கவே இல்லை. அமெச்சூர் நாடகம் என்று சற்றே இளக்காரமாகச் சொல்லப்படும் உலகம், இப்படிப்பட்ட பெண்களின் ஆபீஸ் சம்பளத்தில்தான் உயிர் வாழ்ந்தது.

அருந்ததி நாகின் கதையில் திரையே மேடையைக் கட்டியது எனலாம். மும்பையில் நாடகத்தில் ஊறியவர், ‘மால்குடி டேஸ்’ இயக்கிய சங்கர் நாகை மணந்து பெங்களூருக்கு வந்தார். நகரத்துக்கு நல்லதொரு நாடக அரங்கம் வேண்டும் என்பது சங்கரின் கனவு. 1990 செப்டம்பர் 30-ம் தேதி தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் சங்கர் இறந்தார். கணவரை இழந்த மனைவி கையில் மிஞ்சியது அந்தக் கனவு. அரசிடமும் நிறுவனங்களிடமும் நண்பர்களிடமும் அலைந்து நிதி திரட்டி, 2004 அக்டோபரில் ஜே.பி. நகரில் ‘ரங்கசங்கரா’வைத் திறந்தார். நாடகம் தொடங்கிவிட்டால் யாருக்கும் கதவு திறக்காது என்ற கறார் அங்கே பிரசித்தம். மறு ஆண்டு கிரீஷ் கர்னாட் எழுதிய ‘ஒடகலு பிம்ப’வில் அருந்ததி நடித்தார். மேடையில் ஓர் எழுத்தாளர், எதிரே டி.வி. திரையில் அவருடைய பிம்பமே உயிர்பெற்று அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறது. இரண்டும் அருந்ததிதான். பால்கியின் ‘பா’ (2009) படத்துக்காகத் தேசிய விருதும் அவருக்குக் கிடைத்தது.

உமாஸ்ரீயிடம் இந்த இரட்டை வாழ்க்கை இன்னும் அப்பட்டம். ‘அனுபவ’ (1984) படத்துக்குப் பிறகு சினிமா அவரை இரட்டை அர்த்த காமெடிக்கென்றே முத்திரை குத்தியது. குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் அவர் அதைத் தட்டவில்லை. ஆனால் தேவனூரு மகாதேவாவின் குறுநாவலை வைத்து மேடையேறிய ‘ஒடலாள’வில், காணாமல் போன கோழியைத் தேடும் ஏழைக் கிழவி சாகவ்வாவாக அவரைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அப்போது அவர் இளம்பெண். சினிமா இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்துதான் அந்த நடிகையைக் கண்டுபிடித்தது. கிரீஷ் காசரவள்ளியின் ‘குலாபி டாக்கீஸ்’ 2007-க்கான சிறந்த நடிகை விருதை வாங்கித் தந்தது. அதே ஆண்டுக்கான சிறந்த நடிகர், ‘காஞ்சிவரம்’ பிரகாஷ்ராஜ். 2013-ல் உமாஸ்ரீ கர்நாடக அமைச்சராகவும் ஆனார்.

விருது, பதவி எல்லாம் வந்த பிறகும் அவர் போன இடம் மேடைதான். 2025 ஜனவரியில் ஹொன்னாவரில் நடந்த யட்சகானத்தில் மந்தரையாக வேடம் கட்டினார். பெண் வேடங்களையும் ஆண்களே ஆடிவந்த கலை அது. அறுபத்தேழு வயதில், கூனியாக முதுகு வளைத்து அவர் அரங்கேறினார். சினிமாவில் அந்த வயது நடிகைக்கு எழுதப்படும் வேடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.