இடம் மாறாத் தரவு: மாத்தளையின் சிறுநீரக நோயும் ஆய்வு நிதியின் போக்கும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே அமைந்துள்ள வில்கமுவைப் பிரதேசம், இலங்கையின் உலர்வலய விவசாயக் குடும்பங்களை மூன்று தசாப்தங்களாக வாட்டிவரும் ஒரு சிறுநீரக நோயின் பரப்புக்குள் அடங்குகிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்த இந்நோய், நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லாதவர்களையும் தாக்கியதால், ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்றே பதிவாயிற்று. கிணற்று நீரின் வன்மை, அதில் கலந்துள்ள ஃபுளோரைட்டு, காட்மியம், ஆர்சனிக் ஆகிய நச்சுப் பொருள்கள், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் உடல் நீரிழக்க உழைத்தல் எனக் கருதுகோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்வைக்கப்பட்டனவே தவிர, எல்லோரும் ஏற்கும் ஒற்றைக் காரணம் நிறுவப்படவில்லை.

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் 2009 முதல் 2012 வரை நடத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை ஆகிய மூன்று மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், வயதுக்கேற்பச் சீராக்கிய கணக்கின்படி ஆண்களில் 12.9 சதவீதத்தினரிடமும் பெண்களில் 16.9 சதவீதத்தினரிடமும் நோய் இருப்பதாகவும், முற்றிய நிலை ஆண்களிடையே அதிகம் எனவும் கண்டது. மாத்தளை அதில் இடம்பெறவில்லை. 2015இல் கிளைபொசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டதும், 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டதும் இத்தகைய அறிவியல் தெளிவின்மையின் நடுவேதான் நிகழ்ந்தன. தடை பற்றிய அந்த முடிவுகள் சரியா தவறா என்பது தனி விவாதம்; அவற்றை எடைபோடத் தேவையான தகவல்கள் ஒரே இடத்தில் ஒப்பிடக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

வில்கமுவையின் ஒரு விவசாயிக்கு நோய் ஏன் வந்தது என்று கேட்கும் ஆய்வாளருக்கு, அவ்விவசாயியின் குருதிப் பரிசோதனை முடிவுகளுடன், அவர் எந்தக் கிணற்று நீரை எத்தனை ஆண்டுகள் குடித்தார், எந்த வயலில் எதைத் தெளித்தார், எந்த வைத்தியசாலையில் குருதிச் சுத்திகரிப்புப் பெற்றார், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழில் என்ன காரணம் எழுதப்பட்டது என்பனவும் தேவைப்படும். இவற்றுள் முதலாவதும் நான்காவதும் சுகாதாரத் துறையிடமும், இரண்டாவது நீர்வழங்கல் அல்லது ஆய்வுகூடப் பதிவுகளிலும், மூன்றாவது கமநல சேவை அலுவலகத்திலோ எங்கும் எழுதப்படாமலோ, இறுதியானது பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்திலும் இருக்கும். இவற்றை இணைக்க வழியில்லாததால், புதிய ஆய்வுக்குழு ஒவ்வொன்றும் புதிதாகக் குருதியும் நீரும் சேகரித்து, ஒரு கட்டுரையை வெளியிட்டு, மானியம் தீர்ந்ததும் கலைந்துபோக, திரட்டிய தரவு யாரோ ஒருவரின் கணினியில் உறங்கிவிடும் நிலை எளிதில் உருவாகிறது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டிச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் உடல்நிலை பற்றிய விவரம் ‘நுண்ணுணர்வுத் தரவு’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. வெளிப்பட்டால் ஒருவரின் திருமணப் பேச்சையோ கடனையோ வேலையையோ பாதிக்கக்கூடியது. பெயரை நீக்குவதால் மட்டும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண்ணே பிறந்த ஆண்டையும், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் தாங்கியிருப்பதோடு, பெண்களுக்கு அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படுவதால் பாலினத்தையும் வெளிப்படுத்திவிடுகிறது. சிறிய கிராமமொன்றில் 52 வயதான, குருதிச் சுத்திகரிப்புப் பெறும் ஆண் என்ற குறிப்பே ஆளை அடையாளம் காட்டப் போதுமானது.

இந்தச் சிக்கலுக்கு மேற்குலகில் உருவான தீர்வுதான் பாதுகாப்பான ஆய்வுச் சூழல். தரவு ஆய்வாளரிடம் போவதில்லை, ஆய்வாளரே தரவிடம் வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. நூல்களை இரவல் கொடுக்காமல், உள்ளே அமர்ந்து படிக்க மட்டும் அனுமதிக்கும் ஆவணக்காப்பகத்தை ஒத்தது அது. நேரடி அடையாளங்கள் நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் பொருளற்ற மாற்றெண் ஒன்று இடப்பட்டிருக்கும். ஆய்வாளர் தம் கணக்கீட்டு நிரலை உள்ளே அனுப்பி ஓட்டலாம். வெளியே வருவது அட்டவணையும் வரைபடமும் மட்டுமே, அவையும் மிகச் சிறிய எண்ணிக்கைகள் மறைக்கப்பட்டனவா என்று சோதிக்கப்பட்ட பின்னரே. பிரித்தானியாவின் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தில் தோன்றிய ‘ஐந்து பாதுகாப்புகள்’ என்ற வரையறை, ஆய்வின் நோக்கம், ஆய்வாளர், இடம், தரவு, வெளியீடு ஆகிய ஐந்தையும் தனித்தனியே சோதிக்கச் சொல்கிறது. பல நிறுவனங்களின் இத்தகைய சூழல்களைத் தரவை இடம்மாற்றாமலே இணைத்து, ஒரே கேள்விக்கு எல்லாவற்றிலிருந்தும் விடைபெறும் ஏற்பாடு கூட்டிணைப்பு எனப்படுகிறது. கோவிட் காலத்தில், 2020இல், ஓப்பன்சேஃப்லி என்னும் தளம் இங்கிலாந்தின் 1 கோடியே 72 இலட்சத்துக்கும் அதிகமான வயதுவந்தோரின் மருத்துவப் பதிவுகளை, அவை இருந்த இடத்திலேயே வைத்து, இறப்புப் பதிவுகளுடன் இணைத்து ஆராய்ந்தது இம்முறையின் வலிமையைக் காட்டியது.

இத்தகைய சூழல்களுக்குப் பணம் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் இலங்கை கற்கவேண்டியது அதிகம். பிரித்தானியாவின் ஆராய்ச்சி மற்றும் புத்தாக்க நிறுவனம் 2021இல் தொடங்கிய ‘டேர் யூகே’ என்னும் திட்டம், சுகாதாரத் தரவு அமைப்பையும் நிர்வாகத் தரவு அமைப்பையும் இணைத்து, பாதுகாப்பான சூழல்களைக் கூட்டிணைக்கும் பணிகளுக்கே நிதி வழங்கியது. 2023இல் அது தேர்ந்த ஐந்து முன்னோடிப் பணிகளில் ஒன்றுகூட ஒரு நோயைப் பற்றியதன்று. வெளியீட்டைச் சோதிக்கும் மென்பொருள், சூழல்களுக்கான பொதுத்தரம், இரு சூழல்களைப் பாலம்போட்டு இணைக்கும் வழி போன்ற, செய்தித்தாளில் ஒருநாளும் தலைப்பாகாத வேலைகளே அவை. நிதியம் ஒன்றின் ஆண்டறிக்கையில் இவை அழகாகத் தெரிவதில்லை. ஆயினும் இவையின்றி நோயாய்வு ஒவ்வொன்றும் அடித்தளத்தைப் புதிதாகத் தோண்டவேண்டியிருக்கும்.

பணமும் தொழில்நுட்பமும் இருந்தும் மக்கள் நம்பிக்கை இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களின் பதிவுகளைத் திரட்ட 2013இல் தொடங்கிய ‘கேர்.டேட்டா’ திட்டம், மக்களுக்குப் போதுமான விளக்கம் அளிக்காததால் எழுந்த எதிர்ப்பால் 2014இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2016இல் கைவிடப்பட்டது.

இலங்கை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் உடல்நலத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையாக ஏற்றதோடு, தகுந்த காப்புகளுடன் அறிவியல் ஆய்வுக்கும் இடமளித்துள்ளது. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதமே ஆராய்ச்சிக்குச் செலவிடப்படும் நாட்டில், தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தனித்தனி ஆய்வுகளுக்குச் சிறு மானியங்களைப் பகிர்ந்துவிட்டால் சூழலுக்கென எதுவும் மிஞ்சாது. ஆதலால் சிறுநீரக நோய்க்கான மானியம் ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைப் பொதுச் சூழலுக்கு ஒதுக்குவது, தனிக் கட்டடம் எழுப்புவதைவிட நடைமுறைக்கு உகந்தது.

அப்படி ஒதுக்கப்படும் பணம் கருவிகளுக்கு மட்டும் போய்விடக் கூடாது. வில்கமுவையின் நோயை ஒப்பிட்டு ஆராய, அதே மாவட்டத்தில் வேறு நீர் குடித்து வேறு வேலை செய்யும் மக்கள் தேவை. றத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களே அதற்கு இயல்பான ஒப்பீட்டுக் குழு. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டம் வரை நீடித்த ஆவணச் சிக்கலால், அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ இல்லாத மலையகத் தமிழர் பலர் இருந்திருக்கின்றனர். தோட்ட மருந்தகத்தின் பதிவேட்டில் ஆங்கிலத்திலும், அரசு வைத்தியசாலையில் சிங்களத்திலும், பிறப்புச் சான்றிதழில் தமிழிலும் எழுதப்பட்ட ஒரே பெயர் மூன்று ஆட்களாகக் கணினிக்குத் தோன்றலாம். எண் இல்லாதவர் இணைப்பிலிருந்து உதிர்ந்துவிட்டால், முடிவில் மிஞ்சும் ஒப்பீட்டுக் குழு ஆவணம் உள்ளவர்களின் குழுவாகிவிடும். மும்மொழிப் பெயர்களை இனங்கண்டு இணைக்கத் தெரிந்த பதிவாளர்களின் சம்பளத்தையும் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் கூலியையும் மானிய விண்ணப்பத்தில் தனிச் செலவினமாகக் காட்டினால்தான், அந்தக் குழு தோட்டத்து மக்கள் முழுவதையும் ஒத்திருக்கும்.