கோட்டை இல்லாத ஊரில் ஒரு கோட்டைச் சுற்று

தெருவெல்லாம் மதுரை – 14

வெளியூர் நண்பர் யாராவது ‘ஊரைச் சுத்திக் காட்டு’ என்று கேட்டுவிட்டால், மதுரைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது சாப்பாட்டுப் பட்டியல்தான். காலையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால், மத்தியானம் பிரியாணியோ சுக்காவோ, சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை. இரண்டு வேளைக்கு நடுவில் வயிறு ஓய்வெடுக்கும் நேரத்தில் மீனாட்சியம்மன் கோயில். பொழுது மிச்சமிருந்தால் திருமலை நாயக்கர் மகால். அதோடு ஊர் முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் இதே வரிசைதான். போன மாதம் வந்த கல்லூரி நண்பனிடம் அது செல்லுபடியாகவில்லை. அவன் நெய்வேலிக்காரன். நிலக்கரிக்காக 1950-களில் காகிதத்தில் கோடு போட்டு உண்டாக்கிய நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். வட்டத்தின் எண்ணைச் சொன்னால் போதும், வீடு எந்தத் திசையில் என்று தெரிந்துவிடுகிற ஊர் அது. புது ஊருக்குப் போனால் அவன் முதலில் பார்ப்பது வரைபடத்தை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் மதுரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் கேட்டான்:

“டேய், உங்க ஊருக்கு யாருடா பிளான் போட்டது? கட்டத்துக்குள்ள கட்டம், கட்டத்துக்குள்ள கட்டமா இருக்கு!”

உள்ளேயிருந்து வெளியே வரிசையாகச் சொன்னேன். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி. அடுத்தது ஆவணி மூல வீதி. அதற்கும் வெளியே தேரோடும் மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. நான்கு திசைக்கும் நான்கு நான்கு. கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்று எல்லாமே கோயிலை வைத்துத்தான்.

“சரி, வெளி வீதிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?”

“கோட்டை.”

“அது எங்க?”

அவன் மதுரையில் இருந்த நாள் முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். சாப்பாட்டுப் பட்டியலும் தப்பவில்லை. ஆனால் அது வழியில் வந்தபோது வந்தது.

இடித்தவர்கள் பேரில் வீதிகள்

பாண்டியர் காலத்துக் கோட்டையை மாற்றிப் பெரிதாகக் கட்டியவர் 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட விசுவநாத நாயக்கர். இரட்டை மதில், சுற்றிலும் அகழி, 72 கொத்தளம். பாளையத்துக்கு ஒன்று என்று 72 பாளையக்காரர்களிடம் அவை ஒப்படைக்கப்பட்டிருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப்கான், ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து அனுப்பிய படையை எதிர்த்து நின்றது இந்த மதிலுக்கு உள்ளிருந்துதான். 1764-ல் உடனிருந்தவர்களே அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். மதில் விழவில்லை, அவன்தான் விழுந்தான்.

அடுத்த தலைமுறைகளில் மதிலுக்கு வேலை இல்லாமல் போனது. சண்டை இல்லை; உள்ளே வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன; அகழித் தண்ணீர் தேங்கி நாறியது. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரிவாக்க முடிவு செய்தார். அதற்கு அவர் பிடித்த வழி சுவாரசியமானது. மதிலை இடித்து, அந்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்துச் சமப்படுத்துகிறவர்களுக்கு அங்கேயே மனை. அரசாங்கம் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டுமனை வேண்டுமென்றவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். நிலத்தை அளந்து கொடுத்தவர் மாரட் என்ற சர்வேயர். வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே புதிதாகப் பிறந்த வீதிகளில் இன்றும் இவர்கள் இருவர் பேரும் இருக்கின்றன. மாரட் வீதியில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மாரட் ஒரு ஆள் என்பதே தெரியாது.

நெய்வேலிக்காரன் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “எங்க ஊர்ல கட்டினவன் பேரைத்தான் வைப்பாங்க. இங்க இடிச்சவன் பேரா?”

பிளாக்பர்னுக்கும் நன்றிக்கடன் இருக்கிறது. கீழமாசி வீதிப் பக்கம் அவர் நினைவாக ஊரார் நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். தீபாவளி ஜவுளிக்கு ஊரே அந்தத் தூணைச் சுற்றித்தான் அலைமோதும். தூண் யாருக்காக நிற்கிறது என்று நெரிசலில் யார் கேட்கப்போகிறார்கள்?

கோட்டைக்கு வாசல்கள் இருந்த இடங்களைக் காட்ட நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. டவுன் பஸ் கண்டக்டரே கூவினார்: “தெற்குவாசல் இறங்கு… கீழவாசல் இறங்கு…” இறங்கிப் பார்த்தால் வாசலும் இல்லை, மதிலும் இல்லை. பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டி, மேலவாசல் பக்கம் மட்டும் பழைய கோட்டையின் ஒரு துண்டு தப்பிப் பிழைத்து நிற்கிறது. திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அதைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். என் நண்பன் அதன் முன்னால் நின்று நின்று படமெடுத்தபோது, பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மா என்னிடம் கேட்டார்: “என்னய்யா, இதையும் இடிக்கப் போறாகளா?” அளந்து படம் எடுப்பவர்கள் என்றால் அடுத்து இடிப்பவர்கள் வருவார்கள் என்பது அவர் அனுபவம்.

நைட்டிகளுக்கு நடுவே

விளக்குத்தூணிலிருந்து நாலு எட்டு வைத்தால் பத்துத்தூண் சந்து. மொத்த வியாபார ஜவுளிக் கடைகள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும். சந்துக்குள் நுழைந்ததும் நைட்டிகளும் குழந்தைகள் கவுன்களும் தலைக்கு மேலே தொங்கும். அந்தத் துணிகளை விலக்கி நிமிர்ந்தால்தான் தெரியும், கடைகளின் ஊடே ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டி வரிசையாகக் கல் தூண்கள் மேலே போய்க்கொண்டிருப்பது. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். மேலே கூரை இல்லை. எதையும் தாங்கவில்லை. சும்மா நிற்கின்றன.

திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனை இன்று நாம் பார்க்கும் மகாலைப் போல நான்கு மடங்கு இருந்தது என்பார்கள். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப்போனார். எடுத்துப்போக முடியாமலோ வேண்டாமென்றோ விட்டுப்போன மிச்சம்தான் இந்தப் பத்துத் தூண்கள். மகாலில் வெள்ளைச் சாந்து பூசிப் பளபளவென்று நிற்கும் அதே ஆகிருதி, இங்கே பூச்சில்லாமல் கல்லாகவே இருக்கிறது.

ஒரு தூணின் அடியில் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றின் மேல் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. சுமைதூக்கும் பெரியவர் ஒருவர் மூன்றாவது தூணில் முதுகைச் சாய்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நண்பன் அவரிடம், “இது எந்தக் காலத்துத் தூண்யா, தெரியுமா?” என்று கேட்டான். “நான் சின்னப் புள்ளையில இருந்து இங்கனதான் இருக்குய்யா” என்றார் அவர். தூணைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று கேட்கத் தோன்றவில்லை.

டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மிச்சம்

அங்கிருந்து மகால் கூப்பிடு தூரம். வாசலில் டிக்கெட் வாங்க வேண்டும். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தரம், கல்யாணமான புதிதில் ஒரு தரம், பிள்ளைகளோடு ஒரு தரம் என்று மதுரைக்காரர் மகாலுக்குள் போவதெல்லாம் இப்படித்தான். ஆனால் ரொம்பக் காலத்துக்கு இது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடமாக இருக்கவில்லை. பாழடைந்து கிடந்ததை 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். பிறகு 1970 வரை இங்கேதான் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. நாயக்கர் கொலுவீற்றிருந்த கூடத்தில் வக்கீல்கள் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டுச்சோற்றோடு கிராமத்திலிருந்து வந்த வாதியும் பிரதிவாதியும் இதே தூண்களின் நிழலில்தான் காத்திருந்திருப்பார்கள். கோர்ட் போன பிறகு மகால் முழுநேரக் காட்சிப்பொருள் ஆனது. 1981-ல் ஒலி-ஒளிக் காட்சி வந்தது. சினிமாக்காரர்கள் வந்தார்கள். தூண்களில் ஆணியால் பேர் கிறுக்கும் காதலர்களும் வந்தார்கள்.

கோட்டை, ஒரு துண்டு தவிர, தெருவாகக் கரைந்துவிட்டது. பத்துத்தூண் கடைகளுக்குள் மூழ்கிவிட்டது. மகால் வேலி போட்டுக் காப்பாற்றப்பட்டுவிட்டது. பழைய கல்லுக்கு இந்த ஊரில் மூன்று விதி. நண்பனுக்கு எது பிடித்தது என்று கேட்டேன். தயங்காமல் பத்துத்தூண் என்றான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மழைக்காலத்தில் அந்தச் சந்தில் நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும் அவனை.

தையல் மிஷின்கள் போன மண்டபம்

எரிச்சலுக்குப் பதில் புதுமண்டபத்தில் கிடைத்தது. கோயிலின் கீழக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் இது. எனக்குத் தெரிந்த புதுமண்டபம் வேறு. வரிசையாகத் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களின் பளபளக்கும் உடுப்பு இங்கேதான் தைக்கப்படும். இன்னொரு பக்கம் பஞ்சாங்கம், கோலப் புத்தகம், பெரிய எழுத்துக் கதைகள், வளையல், பாத்திரம். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கே போன காலத்திலிருந்து எனக்கு அந்த இடம் பழக்கம். ஆனால் அங்கிருந்த சிற்பங்களில் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. சிற்பத்தின் மேல் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, சட்டையைத்தான் பார்த்தேன்.

இப்போது கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் காலி. நாயக்க மன்னர்கள் பத்துப் பேரும் தத்தம் தேவியரோடு தூண்களில் கைகூப்பி நிற்பது நன்றாகத் தெரிகிறது. கல்யானை கரும்பு தின்ற திருவிளையாடல் அங்கே சிலையாக இருக்கிறது. நண்பன் வாயைப் பிளந்தான். நானும்தான். ஆனால் அவனுக்கு அது லாபம் மட்டும். எனக்கு லாபமும் நட்டமும் சேர்ந்தே வந்தன. பார்க்கக் கிடைத்தது சிற்பம். போனது கடகடச் சத்தம்.

புழங்குகிற இடத்தை ஊர்க்காரன் பார்ப்பதில்லை; பார்க்கிற இடத்தில் அவன் புழங்குவதில்லை. விருந்தாளி வந்தால்தான் இந்தக் கணக்கு வெளியே தெரிகிறது. பழையதைக் காப்பாற்றுகிறோம் என்று ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டே போனால், பார்க்க நிறைய இருக்கும், போக ஒரு காரணம் இருக்காது. அதற்காகக் கல்லின் மேல் ஆணியடித்துக் கடை போடு என்றும் சொல்லிவிட முடியாது. நானூறு வருடச் சிற்பத்துக்குத் தையல்காரரின் பிழைப்பு பதில் ஆகாது. தையல்காரரின் பிழைப்புக்குச் சிற்பமும் பதில் ஆகாது.

இரண்டுக்கும் இடம் விட்ட ஒரு கட்டடத்தை மேலமாசி வீதியில் பார்த்தோம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி இந்த வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான், ஏழைகளுக்கு எட்டாத உடுப்பு தனக்கும் வேண்டாம் என்று முழு வேட்டியையும் சட்டையையும் விட்டு அரையாடைக்கு மாறினார். காந்தி அருங்காட்சியகத்துக்குப் போய் அவரது ரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கிறவர்களில் பலர் இந்த வீட்டுக்கு வருவதில்லை. இன்று கீழே கதர்க்கடை நடக்கிறது. உடை துறந்த இடத்தில் துணி விற்பனை. அதுவும் பொருத்தமான துணி. நண்பன் ஒரு துண்டு வாங்கினான். பில் போட்டவர், “மேல போய்ப் பாத்துட்டு வாங்க சார்” என்று படியைக் காட்டினார். வாங்க வந்தவரும் பார்க்க வந்தவரும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லாமலே இது நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்தால், இடங்களின் பட்டியலை நீட்டாதீர்கள். ஊரைப் பற்றி அவர்களுக்கு என்ன புரியவில்லை என்று கேளுங்கள். ஒரு கேள்வி கிடைத்தால் போதும், வழி தானாகக் கிடைத்துவிடும். இந்தச் சுற்றுக்கு வண்டி வேண்டாம். ரயிலடியில் இறங்கி மேலவெளி வீதியில் தொடங்கினால் எல்லாமே நடைதூரம். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். ஜிகர்தண்டாவைப் பத்துத்தூணுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தவுடன் தொண்டை அதைக் கேட்கும்.

கிளம்புகிற அன்று நெய்வேலிக்காரன் அடுத்த கேள்வியையும் விட்டுப்போனான். “கோட்டைக்குள்ள இவ்வளவு இருக்குன்னா, வெளிய இருந்தவங்க என்ன விட்டுட்டுப் போனாங்க?” அதற்குப் பதில் கீழக்குயில்குடிச் சமணமலையில், அய்யனார் கோயிலுக்கும் தாமரைக் குளத்துக்கும் பின்னால் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தீர்த்தங்கரரை ஊர் சனம் செட்டியார் ஆக்கிய கதையோடு அடுத்த வாரம் மலையேறலாம்.

(சுற்றுவோம்…)